அறுந்த இழையும் இரண்டாம் சந்திப்பும்

போளூரில் தறி வைத்திருக்கும் வீடொன்றில் ஒரு மாலைப்பொழுது அமர்ந்திருந்தேன். பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கதைகளில் வந்து நின்றது. ஆங்கில நாவலொன்றின் கதையை நான் சொல்லலானேன். ஒருவரையொருவர் விரும்பிய இருவர் பிரிகிறார்கள், எட்டாண்டுகள் கழித்துக் கடற்கரை ஊரொன்றுக்குச் செல்லும் பயணத்தில் மீண்டும் நெருங்குகிறார்கள், முடிவில் மணந்துகொள்கிறார்கள். தறியில் அமர்ந்திருந்த இளைஞருக்குக் கதை பிடித்துவிட்டது. ஆனால் ஓரமாய் அமர்ந்து இழை சுற்றிக்கொண்டிருந்த அவருடைய தாயார் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “அது சரி பாய், அவன் திரும்பி வந்தான். அத்தினி வருசமும் அந்தப் பொண்ணு என்னா செஞ்சிக்கினு இருந்துச்சு?”

நாவல் விமர்சனத்தில் பெரிய பெரிய சொற்களையெல்லாம் நாம் கையாண்டிருக்கிறோம். உத்தி என்கிறோம், நடை என்கிறோம், பாத்திரப் படைப்பு என்கிறோம். அந்த அம்மையார் கேட்ட ஒற்றைக் கேள்விக்கு ஈடான அளவுகோல் ஒன்றை, இவ்வகைக் கதைகளைப் பொறுத்தமட்டில், நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாவல்களை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரிந்த காதலர் விடுமுறைப் பயணத்தில் மீண்டும் சந்திப்பது என்னும் கதையமைப்பு உலகெங்கும் விலைபோகும் சரக்கு. பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் மாத நாவல்களிலும் அது உண்டு; மலைவாசத் தலம் ஒன்று, எதிர்பாராத மழை ஒன்று, பழைய கடிதம் ஒன்று இருந்தால் போதும், நூறு பக்கம் நிறைந்துவிடும். இதனால் இந்த அமைப்பே மலிவானது என்று ஒதுக்கிவிடுவோர் உளர். நான் அவர்களோடு உடன்படவில்லை. மனிதன் தான் இழந்ததை மீட்கவே முடியாதா என்ற கேள்வி மலிவானதன்று. அதற்குச் சொல்லப்படும் விடைதான் பல நேரங்களில் மலிவாக இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். இச்சந்திப்பு ஏன் விடுமுறையில், வெளியூரில் நிகழ வேண்டும்? சொந்த ஊரில் மனிதனைச் சுற்றிக் கடமைகள் நிற்கின்றன. கடன் கொடுத்தவர் நிற்கிறார், உறவினர் நிற்கின்றனர், அண்டை வீட்டார் நிற்கின்றனர். பயணத்தில் இவர்கள் யாரும் இல்லை. ஆகவே அங்கே மனிதன் தன் இயல்பான உருவில் வெளிப்படுவான் என்பது கதாசிரியர்களின் நம்பிக்கை. இதற்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. சாட்சியில்லாத இடத்தில் மனிதன் பொறுப்பையும் கழற்றி வைத்துவிடக் கூடும். பயணம் ஒருவனுடைய உண்மையை வெளிக்கொணர்கிறதா, அல்லது உண்மையிலிருந்து தப்பியோட வழி செய்கிறதா? நல்ல நாவலையும் மற்றதையும் இந்த இடத்தில்தான் பிரித்தறிய முடியும்.

நான் அன்று சொன்ன கதை ஜேன் ஆஸ்டின் எழுதிய ‘பெர்சுவேஷன்’. ஆஸ்டின் 1817ஆம் ஆண்டு ஜூலையில் மறைந்தார்; அவர் முழுமையாக எழுதி முடித்த கடைசி நாவலாகிய இது, அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்தது. ஆன் எலியட் பத்தொன்பது வயதில் கடற்படையைச் சேர்ந்த பிரெடரிக் வென்ட்வொர்த் என்னும் இளைஞனை மணக்க இசைகிறாள். அவனிடம் செல்வமில்லை, உயர்குடிச் சுற்றமும் இல்லை. தாயற்ற அவளுக்குத் தாய்போல் விளங்கும் லேடி ரஸ்ஸல், இந்தத் திருமணம் வேண்டாமென்று அறிவுரை கூறுகிறார். ஆன் இணங்கிவிடுகிறாள். 1806இல் நிகழ்ந்த இப்பிரிவுக்கு எட்டாண்டுகளுக்குப் பின், 1814இல் கதை தொடங்குகிறது. அவளுக்கு இப்போது வயது இருபத்தேழு. அவனோ போரில் கைப்பற்றிய கப்பல்களால் கிடைத்த இருபத்தையாயிரம் பவுனோடு, கேப்டனாகத் திரும்பியிருக்கிறான்.

நவம்பர் மாதத்தில் ஒரு சிறு கூட்டம் லைம் என்னும் கடற்கரை ஊருக்குச் செல்கிறது. வென்ட்வொர்த்தின் கவனத்தைப் பெற்றிருந்த லூயிசா என்னும் பெண், கடலணையின் படிகளிலிருந்து பிடிவாதமாகக் குதித்துத் தலையில் அடிபட்டு மயங்குகிறாள். எல்லோரும் கலங்கி நிற்கும் அந்த நேரத்தில் செய்ய வேண்டியதைச் சொல்பவள் ஆன் ஒருத்தியே. ‘பிறர் சொல்லுக்கு வளைபவள்’ என்று அவன் எட்டாண்டுகளாய் இகழ்ந்து வந்த பெண்ணின் உறுதி எத்தகையது என்பதும், உறுதி என்று தான் பாராட்டிய குணம் வெறும் பிடிவாதமே என்பதும் அவனுக்கு ஒரே நொடியில் விளங்கிவிடுகின்றன. பயணம் இங்கே உண்மையை வெளிக்கொணர்கிறது. கடற்காற்றும் நிலவும் செய்த வேலையன்று இது. ஓர் ஆபத்து செய்த வேலை.

அம்மையாரின் கேள்விக்கு வருவோம். அந்த எட்டாண்டுகளில் ஆன் என்ன செய்துகொண்டிருந்தாள்? ஆஸ்டின் இதற்குப் பக்கம் பக்கமாக விடை சொல்லியிருக்கிறார். வீண் பெருமையில் கடனாளியான தந்தையின் வீட்டில் அவளுடைய சொல்லுக்கு மதிப்பில்லை. சகோதரியின் பிள்ளைகளுக்கு உடல் நலமில்லையென்றால் அவள்தான் உட்கார வேண்டும். மற்றவர்கள் ஆடும்போது அவள்தான் பியானோ வாசிக்க வேண்டும். யாருக்கும் பயன்படுவாள், யார் கண்ணிலும் படமாட்டாள். பழைய காதலன் அவளைக் கண்டு, அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிட்டாள் என்று சொன்னதாக அவளுடைய காதுக்கே செய்தி வருகிறது. காத்திருத்தல் என்பது ஒரு பெண்ணின் உடலிலும் நாளிலும் என்னென்ன எடுத்துக்கொள்ளும் என்பதை ஆஸ்டின் மறைக்கவில்லை. ஆகவேதான் முடிவில் கிடைக்கும் மகிழ்ச்சியை நாம் நம்புகிறோம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இருவரும் சேர்ந்த பிறகு வென்ட்வொர்த் தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறான். 1808இல் கையில் கொஞ்சம் பணத்தோடும் பதவியோடும் நாடு திரும்பியபோதே ஒரு கடிதம் எழுதியிருந்தால் அவள் ஏற்றிருப்பாளா என்று அவளிடம் வினவுகிறான். ஏற்றிருப்பேன் என்பதே விடை. ஆறாண்டுத் துன்பத்துக்குக் காரணம் லேடி ரஸ்ஸலின் அறிவுரை அன்று. தன்னுடைய கர்வமே என்று அவன் ஒப்புக்கொள்கிறான். பிரிவின் பழியை மூன்றாமவர் தலையில் சுமத்திவிட்டுக் கைகோத்துச் செல்வது எளிது. தன் பங்கை எண்ணிப் பார்ப்பது அரிது. அந்த ஒப்புதல் இல்லாவிட்டால், இந்நாவல் நல்ல கணவன் கிடைத்த கதையாக மட்டுமே முடிந்திருக்கும்.

குறை இல்லையா? உண்டு. அவன் பணக்காரனாகத் திரும்பியதால்தான் குடும்பம் எதிர்ப்பின்றி இசைகிறது. வறியவனாகவே திரும்பியிருந்தால் இரண்டாம் வாய்ப்பு இருந்திருக்குமா என்ற வினாவை ஆஸ்டின் எழுப்பவில்லை. பிரிந்தவர் கூடுவதற்குப் போர்க்களத்துக் கொள்ளைப் பணம் பாலம் போடுகிறது என்பது நெருடத்தான் செய்கிறது.

இனி நம் மொழிக்கு வருவோம். இதே அமைப்பைத் தமிழில் எடுத்துக்கொண்டு, முற்றிலும் வேறொரு முடிவுக்குச் சென்ற நாவல் ல.ச. ராமாமிருதத்தின் ‘அபிதா’. 1970இல் வெளிவந்தது. போளூர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் அந்நியமானதன்று. திருவண்ணாமலைக் கோயிலில் வழிபடப்பெறும் அம்மைக்குத் தமிழில் உண்ணாமுலை என்றும் வடமொழியில் அபிதகுசாம்பாள் என்றும் பெயர். அந்தப் பெயரிலிருந்து பிறந்ததே அபிதா. அண்ணாமலைக்கும் வேலூருக்கும் இடைப்பட்ட ஊரில் வாழும் நமக்கு, சமயத்தால் வேறுபட்டிருப்பினும், சந்தையிலும் பேருந்திலும் காதில் விழுந்து பழகிய பெயர்தான் அது. உண்ணப்படாதது, தீண்டப்படாதது என்ற பொருளை நாவலின் தலைப்பிலேயே ல.ச.ரா. வைத்துவிட்டார். கதை முழுவதும் அந்தச் சொல்லின் எச்சரிக்கை ஒலித்துக்கொண்டே இருக்கிறது. கதை சொல்பவனுக்கு மட்டும் அது கேட்பதில்லை.

கதை சொல்பவன் அம்பி. இளமையைக் கரடிமலை என்னும் சிற்றூரில் வறுமையோடு கழித்தவன். அங்கே சகுந்தலை என்னும் பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்தவன். ஊரைவிட்டு வெளியேறி, வசதியுள்ள வீட்டுப் பெண்ணாகிய சாவித்திரியை மணந்து, வாழ்வில் உயர்கிறான். பல்லாண்டுகள் கழிந்தபின், மனைவியையும் அழைத்துக்கொண்டு இரயிலேறிக் கரடிமலைக்கு வருகிறான். பெயருக்கு அது தம்பதியரின் பயணம். உள்ளத்தில் அது ஒருவனுடைய திரும்புதல். வந்து பார்க்கையில் சகுந்தலை இல்லை, இறந்துவிட்டாள். அவளுடைய மகள் அபிதா, தாயை அச்சில் வார்த்தது போல் எதிரே நிற்கிறாள். அம்பியின் மனம் இருவரையும் ஒன்றாக்கத் தொடங்குகிறது. போனவள் திரும்பிவிட்டாள், காலம் தனக்கு ஒரு சலுகை காட்டிவிட்டது என்று அவன் நம்பத் தலைப்படுகிறான். அதன் பின் நிகழ்வதை இங்கே சொல்லப் போவதில்லை. படிக்காதவர்கள் படித்தறிய வேண்டும்.

ல.ச.ரா.வின் நடையைப் பற்றிப் புகழ்ந்தவர்களும் உண்டு, சலித்துக்கொண்டவர்களும் உண்டு. சொல் சொல்லாக ஒலியை நிறுத்துப் பார்த்து எழுதியவர் அவர். இந்நாவலில் அந்த நடைக்கு ஒரு தனி வேலை இருக்கிறது. அம்பியின் ஆசைக்கு அது இசையாகிறது. வாசகன் மயங்குகிறான், மயங்கியபடியே அம்பியோடு சேர்ந்து நடக்கிறான். பாதி வழியில் திடுக்கிட்டு நின்று, தான் யாருடன் எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்று கேட்டுக்கொள்கிறான். தன் வயதில் பாதியும் நிரம்பாத ஒரு பெண், தன் பழைய நேசத்தின் மகள், அவளுக்கென்று ஒரு வாழ்வு இருக்குமென்ற எண்ணமே தோன்றாமல், அவளை ஒரு நினைவின் மறுபதிப்பாக இவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அழகான மொழியில் சொல்லப்பட்டால் எந்த அநீதியும் காதல் போலவே ஒலிக்கும் என்பதை நமக்கு நம் காதாலேயே உணர்த்திவிடுவதுதான் ‘அபிதா’வின் சாதனை.

மீண்டும் அம்மையாரின் கேள்வி. இடைப்பட்ட ஆண்டுகளில் சகுந்தலை என்ன செய்துகொண்டிருந்தாள்? அம்பிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்ற தவிப்பும் அவனிடம் போதுமான அளவு இல்லை. அவன் தவிப்பெல்லாம் தான் இழந்ததைப் பற்றியது. அவள் இழந்ததைப் பற்றியதன்று. அவள் வாழ்ந்தாள், ஒருவனுக்கு மனைவியானாள், ஒரு மகளைப் பெற்றாள், மாண்டாள். அந்த வாழ்வுக்கு அவன் காட்டும் மரியாதை என்ன? அதன்மேல் ஏறி நின்று தன் இளமையைத் தேடுவதுதான். சாவித்திரியின் நிலையையும் எண்ண வேண்டும். கணவன் பிறந்து வளர்ந்த மண்ணைக் காண வந்தவள் அவள். அவள் கண் முன்னே அவன் இன்னொரு காலத்துக்குள் நழுவிக்கொண்டிருக்கிறான். விடுமுறைக் காதற்கதைகளில் மூன்றாமவள் ஒருத்தி எப்போதும் இருப்பாள். கதையின் வசதிக்காக அவளைக் கொடுமைக்காரியாகவோ அறிவிலியாகவோ படைத்து ஒதுக்கிவிடுவது வழக்கம்.

இந்நாவலை அம்பியின் பாவத்துக்கு ஆசிரியர் பாடிய பாட்டு என்று கண்டிப்பவர் இருக்கலாம். என் கருத்து வேறு. தன் பாத்திரத்தின் குரலிலேயே முழு நாவலையும் சொல்லும் ஆசிரியன், தீர்ப்பை வாசகனிடம் விட்டுவிடுகிறான். ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியாது. சகுந்தலைக்கும் அபிதாவுக்கும் தங்கள் குரலில் பேச இன்னும் கொஞ்சம் இடம் கிடைத்திருந்தால், தீர்ப்பளிக்கும் வாசகனின் கையில் சான்றும் இருந்திருக்கும். மயக்கும் குரல் ஒன்றே ஒன்றுதான் கேட்கும் சபையில் எத்தனை பேர் தெளிவோடு இருப்பார்கள்?

இழந்ததை மீண்டும் பெறுதல் என்னும் பொருள் நம் மரபுக்கும் புதியதன்று. பாரசீகப் பெருங்கவி ஜாமி 1483இல் இயற்றிய யூசுப் ஜுலைகா காவியத்தில், முதுமையெய்திப் பார்வையும் இழந்த ஜுலைகா, யூசுப் நபியின் வேண்டுதலால் இளமையைத் திரும்பப் பெற்று அவருக்கு மனைவியாகிறாள். திருமறை அந்தப் பெண்மணியின் பெயரைக்கூடக் கூறவில்லை என்பதும், இது கவிஞர்கள் வளர்த்த கதை என்பதும் வாசகர் அறிந்ததே. எனினும் காவியத்தின் ஒழுங்கைக் கவனியுங்கள். ஆசையால் ஒருவரைச் சிறைக்கனுப்பிய ஒருத்தி, செல்வத்தையும் அழகையும் கண்ணையும் இழந்து, தன்னை உணர்ந்த பின்னரே அவளுக்கு மறுவாய்ப்பு வருகிறது. அம்பி எதையும் இழக்கவில்லை. பணமும் மனைவியும் துணைக்கு வர, இழந்த ஒன்றை மட்டும் வாங்கிப் போக வந்தவன் அவன்.

இதைவிட நெருக்கமான நிகழ்ச்சி ஒன்று ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. நபித்தோழர் மஅகில் பின் யஸார் (ரலி) தம் சகோதரியை ஒருவருக்கு மணமுடித்துக் கொடுத்திருந்தார். அவர் அப்பெண்ணை மணவிலக்குச் செய்துவிட்டார். இத்தா முடிந்த பிறகு அவரே மீண்டும் பெண் கேட்டு வந்தார். மஅகிலுக்குச் சினம் பொங்கியது. கொடுக்க மாட்டேன் என்றார். ஆனால் அப்பெண்ணோ திரும்பிச் செல்ல விரும்பினார். அப்போதுதான், இருவரும் முறைப்படி மனமொத்தால் பெண்கள் தம் முந்தைய கணவரை மணப்பதைத் தடுக்கலாகாது என்னும் கருத்துடைய அல்பகரா அத்தியாயத்தின் 232ஆம் வசனம் இறங்கியது. மஅகில் தம் சினத்தை விழுங்கி, சகோதரியை மணமுடித்துக் கொடுத்தார். பாசத்தால் குறுக்கே நிற்பதில் அந்தச் சகோதரரும் லேடி ரஸ்ஸலும் ஒருவரே. நான் சுட்ட விரும்புவது வேறொன்று. மறுவாய்ப்பு அங்கே திரும்பி வந்தவனின் ஆசையை மட்டும் நம்பி நிற்கவில்லை. இருவரின் இசைவைக் கேட்கிறது. அவளுடைய விருப்பம் என்ன என்பதே வழக்கின் நடுப்புள்ளி. கதைக்கலையும் இதைவிடக் குறைந்த நியாயத்தோடு அமைதி கொள்ளலாகாது.

நம் திரைப்படங்கள் இதில் எங்கே நிற்கின்றன? தங்கர் பச்சானின் ‘அழகி’ (2002) விடுமுறைக் கதையன்று. பள்ளிப்பருவத்து நேசத்துக்குரியவளைச் சென்னைத் தெருவில், கையில் மகனோடு, வறுமையின் அடித்தட்டில் நாயகன் காண்கிறான். அவளுக்கு இடைக்காலத்தில் என்ன நேர்ந்தது என்பதையே அப்படம் தன் சுமையாக ஏற்றுக்கொள்கிறது. அவனுடைய மனைவியையும் அது இகழவில்லை. பிரேம் குமாரின் ‘96’ (2018) பழைய மாணவர் ஒன்றுகூடலில் தொடங்கி ஒரே இரவில் முடிகிறது. சிங்கப்பூரில் கணவனும் குழந்தையும் உள்ள ஜானுவும் மணம் புரியாத இராமும் விடிந்ததும் பிரிகிறார்கள். நடந்திருக்கக் கூடியதை நடந்ததாகவே அவள் பிறரிடம் கதை கட்டிச் சொல்லும் இடம் ஒன்று அதில் உண்டு. மீட்க முடியாததைச் சொல்லால் மட்டுமே மீட்கலாம் என்ற துயரம் அந்த இடத்தில் இருக்கிறது. ஆனால் இவ்வளவு தூய்மையான பிரிவு, யாருடைய அன்றாட வாழ்வையும் தொடாமல் போய்விடுவதால்தான் நமக்கு இனிக்கிறதோ என்ற ஐயமும் எனக்கு உண்டு.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கையில் ஒன்று புலனாகிறது. முதற் காதலைப் பாட இளமை ஒன்றே போதும். இரண்டாம் சந்திப்பை எழுத அறம் வேண்டும், கணக்கு வேண்டும். இடையில் போன ஆண்டுகள் யாருடையவை, அவற்றின் விலையைக் கொடுத்தவர் யார், திரும்பி வந்தவர் கையில் கொண்டுவந்தது வருத்தமா உரிமையா என்ற கணக்கு அது. ஆஸ்டின் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு மகிழ்ச்சியை வழங்கினார். ல.ச.ரா. கணக்குப் பார்க்க மறுத்த ஒருவனைக் காட்டி அச்சத்தை வழங்கினார். இரண்டும் இலக்கியமே. கணக்கையே மறைத்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் மாலை மாற்றும் நாவல்கள்தாம் நம்மை ஏமாற்றுகின்றன.

அன்று போளூரில், பேச்சுக்கிடையே தறியில் ஓரிழை அறுந்தது. இளைஞர் பேச்சை நிறுத்தினார், தறியையும் நிறுத்தினார். குனிந்து, அறுந்த இரு முனைகளையும் தேடி எடுத்து, முடிச்சிட்டார். கவனியாமல் நெய்துகொண்டே போனால் என்ன ஆகுமென்று கேட்டேன். அந்த இடத்திலிருந்து சேலை நெடுகிலும் ஒரு கோடு விழும் என்றார். நான் எழுந்து விடைபெற்றபோது அம்மையார் தம் கேள்வியை மறக்கவில்லை. “அந்தப் பொண்ணு என்னா செஞ்சிக்கினு இருந்துச்சுன்னு அந்த புக்குல போட்டிருக்குதா?” என்றார். போட்டிருக்கிறது என்றேன். “அப்டின்னா நல்ல கதைதான்” என்று சொல்லிவிட்டு, மீண்டும் இழையைச் சுற்றத் தொடங்கினார்.